லாகின் ஒரு மாட்யூலில் வேலை செய்கிறது, அடுத்ததில் இல்லை: ஜாவா தரவுத்தளச் செயலிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பல மாட்யூல்களாகப் பிரித்து எழுதிய ஜாவா செயலியில், முதல் திரையில் வாங்கிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மற்ற எல்லா இடங்களுக்கும் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி அடிக்கடி வரும். அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "லாகின்" என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, செயலியைப் பயன்படுத்தும் மனிதர் யார் என்பது. இன்னொன்று, செயலி தரவுத்தளத்துக்குள் எந்தக் கணக்கில் நுழைகிறது என்பது. சிறிய டெஸ்க்டாப் செயலிகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். சர்வரில் ஓடும் செயலிகளில் பெரும்பாலும் வேறுவேறு.

இந்தக் கட்டுரை முழுக்க நான் பிடித்துக்கொள்ளும் நிலை இதுதான்: கடவுச்சொல்லை மாட்யூல்களுக்கிடையே பகிரவே கூடாது. தரவுத்தளத்தோடு பேச வேண்டிய மாட்யூலுக்கு ஒரு டேட்டாசோர்ஸ் (கேட்டால் தரவுத்தள இணைப்பைத் தரும் ஆப்ஜெக்ட்) போதும். பயனர் யார் என்று தெரிய வேண்டிய மாட்யூலுக்கு அவருடைய அடையாளமும் உரிமைகளும் போதும். கடவுச்சொல் என்ற சரம் ஒரே இடத்தில், டேட்டாசோர்ஸ் உருவாகும் இடத்தில், மட்டும் இருக்கட்டும். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த எல்லையை மீறியதால் வருபவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஸ்டாக் டிரேஸில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியலில்) கடைசியாக வரும் "காஸ்ட் பை" வரிக்குப் போங்கள். மேலே தெரியும் பிழை பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க் போர்த்திய உறை. உண்மையான காரணமும் தரவுத்தளம் கொடுத்த பிழை எண்ணும் அடியில்தான் இருக்கும்.

லாகின் திரையில் சரியாக நுழைகிறது, அடுத்த திரையில் பயனர்பெயர் காலியாக இருக்கிறது

ஸ்விங் (ஜாவாவின் டெஸ்க்டாப் திரை நூலகம்) செயலிகளில் மிகப் பரவலான பிழை இது. பில்லிங் திரையைத் திறக்கும்போது பயனர்பெயர் வேண்டும் என்று, அந்தத் திரைக்குள் லாகின் ஃபார்ம் கிளாஸை "நியூ" போட்டு உருவாக்கி, அதிலிருந்து பயனர்பெயரைக் கேட்பார்கள். அது பயனர் தட்டச்சு செய்த ஃபார்ம் அல்ல. இப்போதுதான் பிறந்த இன்னொரு ஆப்ஜெக்ட், அதன் பெட்டிகள் காலியாகத்தான் இருக்கும். உறுதிசெய்ய, இரண்டு இடத்திலும் அந்த ஆப்ஜெக்டின் ஐடென்டிட்டி ஹாஷ்கோடை அச்சிட்டுப் பாருங்கள். எண்கள் வேறாக இருந்தால் ஆப்ஜெக்டுகளும் வேறு.

திருத்தம் எளிது. லாகின் வெற்றி பெற்ற கணத்தில் ஒரு சின்ன செஷன் ஆப்ஜெக்டை உருவாக்குங்கள்: பயனர் எண், பெயர், ரோல்கள், அவ்வளவுதான். அதையும் டேட்டாசோர்ஸையும் அடுத்த திரையின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். செஷன் ஆப்ஜெக்டின் புலங்கள் எல்லாம் ஃபைனல் ஆக இருக்கட்டும். நடுவில் எந்த மாட்யூலும் ரோலை மாற்றிவிட முடியாது. ஸ்டேடிக் புலத்தில் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ஒரே பயனர், ஒரே புராசஸ் என்ற டெஸ்க்டாப் செயலியில் அது ஓடவும் செய்யும். ஆனால் அதே கோடை நாளை சர்வருக்குக் கொண்டுபோனால், கடைசியாக லாகின் செய்தவர் எல்லாருக்கும் பொதுவான பயனராகிவிடுவார். கன்ஸ்ட்ரக்டர் வழியில் அந்த ஆபத்து கிடையாது, டெஸ்ட் எழுதுவதும் சுலபம்.

கடவுச்சொல் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேபாஸ்வேர்ட்ஃபீல்டில் கெட்டெக்ஸ்ட் என்ற முறை ஜாவா 1.2 காலத்திலேயே கைவிடப்பட்டது. கெட்பாஸ்வேர்ட் ஒரு கேரக்டர் அரேயைத் தரும். சரிபார்த்து முடித்ததும் அதைப் பூஜ்யங்களால் நிரப்பி அழித்துவிடலாம். ஸ்ட்ரிங்கை அப்படி அழிக்க வழி இல்லை.

பிழைச் செய்தியில் "யூசிங் பாஸ்வேர்ட்: நோ" என்று வருகிறது

மைஎஸ்கியூஎல் பிழை 1045-இன் முடிவில் இருக்கும் இந்தச் சின்ன வால் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும். "நோ" என்றால் கடவுச்சொல் தவறு என்று பொருள் அல்ல, கடவுச்சொல் போகவே இல்லை என்று பொருள். ஆரக்கிளில் இதற்கு இணையானது ஓஆர்ஏ-01005. போஸ்ட்கிரெஸ் டிரைவரோ (ஜாவாவைத் தரவுத்தளத்தோடு பேசவைக்கும் நூலகம்), சர்வர் கடவுச்சொல் கேட்டது, நீங்கள் தரவில்லை என்று நேராகவே சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸில் பயனர்பெயரும் போகாமல் விட்டால், டிரைவர் இயக்குதளத்தின் பயனர்பெயரை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியில் உங்கள் கணினியின் லாகின் பெயர் தெரிந்தால் காரணம் இதுதான்.

அப்படியானால் அமைப்புக் கோப்பு அந்த மாட்யூலுக்குக் கிடைக்கவில்லை, அல்லது வேறு கோப்பு கிடைத்திருக்கிறது. கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் முறையைக் கிளாஸ் மேல் அழைக்கும்போது, பாதையின் முன்னால் சாய்கோடு இல்லையென்றால் அந்தக் கிளாஸின் பேக்கேஜுக்குள் மட்டும் தேடும். லாகின் மாட்யூலில் ஓடிய அதே வரியை வேறு பேக்கேஜில் ஒட்டினால் நல் (null, மதிப்பே இல்லை) வருவது இதனால். இன்னொரு வகை: இரண்டு ஜார்களில் (தொகுத்த ஜாவா கோப்புகளில்) ஒரே பெயரில் ஒரே இடத்தில் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு இருந்தால் கிளாஸ்பாத்தில் முதலில் இருப்பதுதான் ஜெயிக்கும். உங்கள் கணினியில் ஒரு வரிசை, சர்வரில் வேறு வரிசை. கெட்ரிசோர்ஸ் கொடுக்கும் யூஆர்எல்லை லாகில் எழுதினால் எந்த ஜாரிலிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடவுச்சொல் சரிதான், தரவுத்தளம் மறுக்கிறது

மைஎஸ்கியூஎல் "யூசிங் பாஸ்வேர்ட்: யெஸ்" என்கிறது, அல்லது போஸ்ட்கிரெஸ் 28பி01 தருகிறது, அல்லது ஆரக்கிள் ஓஆர்ஏ-01017. அதே கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுத்தால் நுழைகிறது. சரி, அப்படியானால் நீங்கள் கோப்பில் எழுதியதும் செயலி படித்ததும் ஒன்றல்ல. கடவுச்சொல்லை லாகில் அச்சிடாதீர்கள். அதன் நீளத்தை மட்டும் அச்சிடுங்கள். 12 எழுத்து எதிர்பார்த்த இடத்தில் 13 வந்தாலோ 11 வந்தாலோ பாதி வேலை முடிந்தது.

13 வந்தால் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வரி முடிவில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். மதிப்பின் முன்னால் உள்ள இடைவெளியை ஜாவா நீக்கிவிடும், பின்னால் உள்ளதை நீக்காது. 11 வந்தால் கடவுச்சொல்லில் பின்சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் அது சிறப்புக் குறி. அடுத்து வரும் எழுத்துக்குத் தனிப் பொருள் இல்லையென்றால் பின்சாய்கோடு சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டு முறை எழுத வேண்டும். இன்புட்ஸ்ட்ரீம் கொடுத்துப் படிக்கும்போது ஜாவா அந்தக் கோப்பை ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கு அப்பால் ஏதாவது இருந்தால், யூடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு ரீடர் வழியாகப் படியுங்கள்.

யாமல் கோப்புகளில் பொறி வேறு. மேற்கோள் குறி இல்லாமல் 0123 என்று எழுதினால், யாமல் 1.1 விதிப்படி அது எட்டடிமான எண்ணாகி 83 ஆகப் படிக்கப்படும். எண்கள் மட்டுமே உள்ள கடவுச்சொல்லை மேற்கோளுக்குள் வையுங்கள். இடைவெளிக்குப் பின் வரும் # குறியும் அங்கே குறிப்புரையின் தொடக்கம். டாம்கேட் என்ற வெப் சர்வரின் எக்ஸ்எம்எல் கோப்பில் & குறியை அப்படியே எழுதினால் கோப்பே படிக்கப்படாது. ஜேடிபிசி யூஆர்எல்லுக்குள் (ஜாவா தரவுத்தளத்தோடு இணையும் முகவரிக்குள்) கடவுச்சொல்லைச் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். &, % போன்ற குறிகள் அங்கே உடைவது மட்டுமல்ல, யூஆர்எல் லாகில் பதியும்போது கடவுச்சொல்லும் கூடவே பதியும்.

நீளமும் சரி, எழுத்தும் சரி என்றால் கணக்கைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் கணக்கு என்பது பெயர் மட்டும் அல்ல, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து நுழைய ஒரு கணக்கு, பிற இயந்திரங்களிலிருந்து நுழைய இன்னொன்று. இரண்டுக்கும் கடவுச்சொல் வேறாக இருக்கலாம். ரிப்போர்ட் மாட்யூல் வேறு இயந்திரத்தில் ஓடினால் இதில் மாட்டும். ஆரக்கிளில் 11ஜி முதல் கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. பழைய மாட்யூல் ஏதாவது கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தாக்கி அனுப்பினால் அது மட்டும் விழும்.

ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்; ஒரு மாட்யூல் நுழைகிறது, இன்னொன்று "ஆதென்டிகேஷன் டைப் 10" என்கிறது

இது டிரைவர் பதிப்பு. போஸ்ட்கிரெஸ் 14 முதல் புதிய கடவுச்சொற்கள் இயல்பாகவே ஸ்க்ராம் என்ற சரிபார்ப்பு முறையில் சேமிக்கப்படுகின்றன. 42.2.0-க்கு முந்தைய ஜேடிபிசி டிரைவருக்கு அந்த முறை தெரியாது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் இயல்பு முறை கேச்சிங்-ஷா2 ஆனபோதும் பழைய கனெக்டர்கள் இப்படித்தான் நின்றன. மேவன் (ஜாவா திட்டத்தைக் கட்டும் கருவி) காட்டும் டிபென்டென்சி ட்ரீயில் எந்த மாட்யூலுக்கு எந்த டிரைவர் பதிப்பு வருகிறது என்று பாருங்கள். டிரைவர் பதிப்பைத் தாய் பிஓஎம்மில் (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான மேவன் அமைப்புக் கோப்பில்) ஒரே இடத்தில் அறிவித்துவிட்டால் தீர்ந்தது. சர்வரில் முறையைப் பழையதாக்கிச் சமாளிக்க வேண்டாம்.

ஒரு மாட்யூலில் ஸ்டேடிக் புலத்தில் வைத்த மதிப்பு இன்னொன்றில் நல்

ஸ்டேடிக் என்றால் செயலி முழுவதற்கும் ஒன்று என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது கிளாஸ்லோடருக்கு (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதிக்கு) ஒன்று. டாம்கேட்டில் ஒவ்வொரு வார் கோப்புக்கும் (ஒரு வெப் செயலியின் தொகுப்புக்கும்) தனிக் கிளாஸ்லோடர். பொதுவான செஷன் கிளாஸ் இரண்டு வார்களுக்குள்ளும் இருந்தால் அது இருமுறை ஏற்றப்படும், ஸ்டேடிக் புலமும் இரண்டாகிவிடும். இதன் தீவிர வடிவம், ஒரு கிளாஸை அதே பெயருள்ள கிளாஸாக மாற்ற முடியாது என்று வரும் கிளாஸ்காஸ்ட் பிழை. பார்த்ததும் தலை சுற்றும், காரணம் இதுவேதான்.

தரவுத்தள இணைப்பைப் பகிர வேண்டுமென்றால் டாம்கேட்டின் சர்வர் கோப்பில் குளோபல் நேமிங் ரிசோர்சஸ் பகுதியில் டேட்டாசோர்ஸை அறிவித்து, ஒவ்வொரு செயலியின் கான்டெக்ஸ்ட் கோப்பிலும் ரிசோர்ஸ்லிங்க் கொடுங்கள். டிரைவர் ஜார் டாம்கேட்டின் லிப் கோப்புறையில் இருக்க வேண்டும், வாருக்குள் அல்ல. "நேம் இஸ் நாட் பவுண்ட்" என்று வந்தால், லிங்க் விட்டுப்போயிருக்கும் அல்லது ஜாவா-கோலன்-காம்ப் என்று தொடங்கும் பாதையில் எழுத்துப் பிழை இருக்கும்.

கம்பைல் ஆகவில்லை: "பேக்கேஜ் நாட் விசிபிள்" அல்லது "சைக்ளிக் ரெஃபரன்ஸ்"

முதலாவது, ஜாவா 9 மாட்யூல் முறை. மாட்யூல்-இன்ஃபோ கோப்பில் ஜாவா டாட் எஸ்கியூஎல்லைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பொது முறைகள் டேட்டாசோர்ஸைத் திருப்பித் தந்தால் "ரிக்வயர்ஸ் டிரான்சிடிவ்" என்று எழுதுங்கள், அடுத்த மாட்யூலுக்கும் அது தெரியும்.

இரண்டாவது, வடிவமைப்பு கொடுக்கும் எச்சரிக்கை. பயனரைச் சரிபார்க்க லாகின் மாட்யூலுக்குத் தரவுத்தள மாட்யூல் தேவை. "யார் மாற்றியது" என்று பதிவு செய்யத் தரவுத்தள மாட்யூலுக்கு லாகின் மாட்யூல் தேவை. மேவன் இந்த வட்டத்தை ஏற்காது. "தற்போதைய பயனர்" என்ற ஒரே ஒரு இன்டர்ஃபேஸைத் தனிச் சிறு மாட்யூலில் வையுங்கள். இரண்டும் அதைச் சார்ந்திருக்கட்டும், ஒன்றையொன்று சார வேண்டாம்.

ஒருவர் சேமித்த பதிவில் இன்னொருவர் பெயர் வருகிறது

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. டெவலப்பரின் கணினியில் ஒரே ஆள் சோதிப்பதால் தெரியவும் தெரியாது. ஒரே ஒரு முறை இப்படி நடந்ததாகப் புகார் வந்தாலும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். தணிக்கைப் பதிவை நம்ப முடியாத செயலியில் மற்ற எதையும் நம்ப முடியாது. காரணங்கள் பொதுவாக மூன்று.

முதல் காரணம் த்ரெட்லோக்கல், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலை ஓட்டம்) தனக்கென வைத்துக்கொள்ளும் மாறி. வெப் சர்வர் த்ரெட்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். ஒரு கோரிக்கையின் தொடக்கத்தில் பயனரை த்ரெட்லோக்கலில் வைத்து, முடிவில் நீக்காமல் விட்டால், அதே த்ரெட்டில் வரும் அடுத்த கோரிக்கைக்கு முந்தையவர் பெயர் காத்திருக்கும். வைக்கும் ஃபில்டரிலேயே ஃபைனலி பகுதியில் ரிமூவ் அழைக்க வேண்டும். வேறு இடத்தில் அழைத்தால் எக்ஸெப்ஷன் வரும்போது தப்பிவிடும்.

பின்னணி வேலைகளில் நேர் எதிரான அறிகுறி வரும்: பயனர் நல். கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரும் பேரலல் ஸ்ட்ரீமும் வேறு த்ரெட்களில் ஓடுகின்றன. அங்கே உங்கள் த்ரெட்லோக்கல் இல்லை. இதற்கு இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கல் மருந்து என்று பலர் சொல்வார்கள். த்ரெட் பூல் இருக்கும் இடத்தில் அது மருந்தல்ல. த்ரெட் பிறக்கும் கணத்தில் மட்டுமே அது மதிப்பை நகலெடுக்கும். பூலில் அந்த த்ரெட் வாழும் வரை, அதைப் பிறப்பித்தவர் பெயரே அதில் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் செக்யூரிட்டி பயன்படுத்துபவர்கள் டெலிகேட்டிங் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் எக்ஸிக்யூட்டரால் பூலைச் சுற்றுங்கள். மற்றவர்கள் வேலையை ஒப்படைக்கும்போதே பயனரை ஒரு பேராமீட்டராகக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் நீளமான கோடுதான், ஆனால் பொய் சொல்லாது.

இரண்டாவது காரணம் கனெக்ஷனில் ஒட்டியிருக்கும் நிலை. டிரிக்கருக்குப் பயனர் பெயர் தெரியவேண்டும் என்று போஸ்ட்கிரெஸில் செட் ரோல் போடுவார்கள், அல்லது செஷன் மாறியில் பெயரை வைப்பார்கள். கனெக்ஷனை மூடும்போது அது உண்மையில் மூடப்படுவதில்லை, பூலுக்கு (திறந்த கனெக்ஷன்களைச் சேர்த்துவைத்து மறுபடி கொடுக்கும் தொகுப்புக்கு) திரும்புகிறது. ஹிகாரிசிபி என்ற பூல் நூலகம் அப்போது ஆட்டோகமிட், ரீட்ஒன்லி, ஐசொலேஷன் போன்ற ஜேடிபிசி அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்கள் எஸ்கியூஎல் வழியாக மாற்றிய ரோலும் மாறியும் அதற்குத் தெரியாது, அப்படியே இருக்கும். டிரான்சாக்ஷனுக்குள் செட் லோக்கல் பயன்படுத்துங்கள். கமிட் ஆனதும், ரோல்பேக் ஆனாலும், மதிப்பு தானாகப் போய்விடும். ஆட்டோகமிட் ஆன் ஆக இருந்தால் செட் லோக்கலுக்கு அடுத்த கட்டளையில் எந்த விளைவும் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, முன்பே சொன்ன ஸ்டேடிக் புலம்.

சோதிக்க ஒரு நல்ல வழி: பூல் அளவை 1 ஆக்கி, சர்வரின் வேலைத் த்ரெட்களையும் மிகக் குறைத்து, இரண்டு பயனர்களை மாறி மாறி அனுப்புங்கள். எப்போதோ நடந்த பிழை, ஒவ்வொரு முறையும் நடக்கத் தொடங்கும்.

சில மாட்யூல்கள் சேர்ந்தபின் "டூ மெனி கனெக்ஷன்ஸ்"

ஒவ்வொரு மாட்யூலும் கடவுச்சொல்லை வாங்கித் தனக்கென ஒரு பூல் உருவாக்கியிருக்கும். ஹிகாரிசிபியின் இயல்பு அளவு 10. தனியாக மாற்றாவிட்டால் சும்மா இருக்கும்போதும் அந்த 10 கனெக்ஷனும் திறந்தே இருக்கும். 6 மாட்யூல், 2 சர்வர் என்றால் 120. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. மைஎஸ்கியூஎல்லில் 151. வரம்பை ஏற்றுவதற்கு முன் பூல்களை ஒன்றாக்குங்கள்.

செயலி முழுக்க ஒரே டேட்டாசோர்ஸ் இருந்தும் 30 விநாடி காத்துவிட்டு "கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள்" என்று வந்தால் அது வேறு நோய்: யாரோ கனெக்ஷனை எடுத்துத் திருப்பித் தரவில்லை. லீக் டிடெக்ஷன் அமைப்பை ஆன் செய்தால் எடுத்த இடத்தின் ஸ்டாக் டிரேஸ் லாகில் வரும். அந்த இடத்தை டிரை-வித்-ரிசோர்சஸ் ஆக மாற்றுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றியபின் முதலில் எல்லாம் சரி, அரை மணியில் விழுகிறது

ஏற்கெனவே திறந்த கனெக்ஷனை, கடவுச்சொல் மாறியதற்காகத் தரவுத்தளம் துண்டிப்பதில்லை. ஹிகாரிசிபியில் ஒரு கனெக்ஷனின் இயல்பான அதிகபட்ச ஆயுள் 30 நிமிடம். அதற்குப்பின் பூல் புதிதாகத் திறக்கப் பழைய கடவுச்சொல்லை அனுப்பும், மறுக்கப்படும், மீண்டும் முயலும். ஆரக்கிளில் இயல்பு ப்ரொஃபைல் 10 தவறான முயற்சிக்குப்பின் கணக்கைப் பூட்டிவிடும், ஓஆர்ஏ-28000 வரும். புதிய கடவுச்சொல் வைத்திருக்கும் மாட்யூல்களும் அப்போது சேர்ந்து விழும். பழைய கடவுச்சொல்லோடு எங்கோ மறந்துபோன ஒரு இரவு வேலை ஓடினாலும் இதே கதி. பூட்டைத் திறப்பதற்கு முன் எந்த இயந்திரம் தவறாக முயல்கிறது என்று தணிக்கைப் பதிவில் கண்டுபிடித்து அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் திறந்த உடனே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

ஓடும் செயலியை நிறுத்தாமல் மாற்ற, ஹிகாரியின் கான்ஃபிக் எம்எக்ஸ்பீன் (ஓடும்போதே அமைப்பை மாற்ற உதவும் இடைமுகம்) வழியாகப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து, பிறகு பூல் எம்எக்ஸ்பீனில் சாஃப்ட் எவிக்ட் கனெக்ஷன்ஸ் அழையுங்கள்.  ஒரே டேட்டாசோர்ஸ் இருந்தால் இது ஓரிடத்தில் முடியும் வேலை. மாட்யூலுக்கு ஒரு பூல் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும்.

இடையே பழையதும் புதியதும் இரண்டுமே செல்லும்படி வைப்பது இன்னும் நல்லது. மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல், கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையிலேயே பழையதையும் வைத்திரு என்று சொல்லலாம். எல்லாரும் மாறியபின் பழையதை நீக்க இன்னொரு கட்டளை. ஆரக்கிள் 21சி-இல் ப்ரொஃபைலில் பாஸ்வேர்ட் ரோல்ஓவர் நேரம் வைத்தால் அதே பலன். போஸ்ட்கிரெஸில் ஒரு ரோலுக்கு ஒரு கடவுச்சொல்தான். அங்கே டேபிள்களுக்குச் சொந்தமான ரோலுக்கு நேரடி லாகினைக் கொடுக்காமல், அதில் உறுப்பினராக இரண்டு லாகின் ரோல்களை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பழைய ரோலில் இன்னும் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி காட்டும். கனெக்ஷனில் அப்ளிகேஷன் நேம் கொடுத்திருந்தால் எந்தச் செயலி என்பதும் தெரியும். அந்தப் பட்டியல் காலியாகி, இரவு வேலைகளும் ஒரு சுற்று ஓடி முடிந்தபின், பழைய ரோலை நோலாகின் ஆக்குங்கள்.